கொதிக்க வைக்காத சேறு

பதினெட்டு வருஷம் மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் தேய்த்தவள் அவள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரலெல்லாம் வெடித்து, உப்பைத் தொட்டால் உயிர் போகும். அதனால்தான், மீந்த சோற்றிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் தொட்டி பின்கட்டுக்கு வந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ள முதல் ஆளாய்க் கையைத் தூக்கினாள். அன்றிலிருந்து எல்லாருக்கும் சோற்றக்கா. மூன்று மாதத்தில் ஹைட்ரஜன் வந்தால் அங்கேயே இருக்கலாம். வராவிட்டால் பழையபடி பாத்திரம்.

வேலை சுலபம்தான். மிச்சச் சோறு, காய்கறித் தோல் எல்லாவற்றையும் அரைத்து ஊற்ற வேண்டும். வாரம் ஒருமுறை சாக்கடைச் சேற்றை அரை மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறியபின் சேர்க்க வேண்டும். தொட்டியைக் கொண்டுவந்து வைத்த ஆராய்ச்சிப் பெண் முதல் நாளே சொன்னாள்: "இந்தச் சேத்துல பல வகைக் கிருமி கலந்து கிடக்கு அக்கா. அதுங்கதான் நமக்கு வாயு தரும்."

வாயு தரப்போவதும் அதுகள், கொதிக்க வைப்பதும் அதுகளையா? அக்காவுக்குத் தலை சுற்றியது. வேலைக்குச் சேர்த்த கையோடு ஆளை வெந்நீரில் போடும் முதலாளியை அவள் கேள்விப்பட்டதில்லை. படித்த பிள்ளை ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டது என்று தானே முடிவுகட்டி, சேற்றை வெதுவெதுப்பாக்கி மட்டும் ஊற்றிவந்தாள்.

வாயு வந்தது. குழாய் முனையில் பற்றவைத்தால் நீலச் சுடர் ஜோராக எரிந்தது. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பெண்ணின் முகமோ தொங்கிப்போனது.

"இது மீத்தேன் அக்கா. ஹைட்ரஜனை வேற கிருமிங்க தின்னுட்டு இதை விடுதுங்க. கொதியில அதுங்க செத்திருக்கணும். நமக்கு வேண்டியதுங்க ஓட்டுக்குள்ள சுருண்டு தப்பிச்சிருக்கும். என் கணக்குதான் எங்கயோ தப்பு. தொட்டியை மூடிரலாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

வாயைத் திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டாலும் போகும். இந்தப் பிள்ளை தலையிலாவது பழி விழாமல் இருக்கட்டும்.

"நான் கொதிக்கவே வைக்கலம்மா."

"ஏங்க்கா?"

"பாவமா இருந்துச்சு."

பெண் சிரித்தாளா அழுதாளா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. கெடுவுக்கு ஒரு வாரமே இருந்தது. அன்றே தொட்டியைக் கழுவி, புதுச் சேற்றை அரை மணி நேரம் கொதிக்க வைத்து ஆரம்பித்தார்கள்.

கடைசி நாள், பட்டப்பகலில் மேலதிகாரி வந்தார். பெண் குழாய் முனையில் பற்றவைத்தாள். ஒன்றுமே தெரியவில்லை. எல்லாம் போச்சு என்று அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெண் ஒரு காகிதத்தை அந்த வெறுங்காற்றில் நீட்டினாள். அது குப்பென்று பற்றியது.

"ஹைட்ரஜன் எரியறது வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியாது சார்."

தொட்டியும் இருக்கட்டும், அதைப் பார்க்கிற அம்மாவும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

"அப்ப இவ்வளவு நாளா நான் காப்பாத்தினது யாரை?" என்றாள் அக்கா.

"நம்ம வேலைக்கு உலை வைச்சவங்களை."

மறுவாரம் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். கொதி வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மன்னிச்சிருங்க" என்றாள். எந்தக் கிருமியிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.