பதிமூணு வயசு மீசை

செருப்புக் கடையில் அவருக்கு ஜோசியர் என்று பெயர். கூட வேலை பார்ப்பவர்கள் கேலியாக வைத்தது, ஒட்டிக்கொண்டது. இவர் பார்ப்பது கைரேகை இல்லை, கால். பள்ளி திறக்கும் மாதத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரும் அம்மாக்கள், "மூணு மாசத்துக்கு முன்னாடிதான் வாங்கினேன், அதுக்குள்ள கடிக்குதாம்" என்று சலித்துக்கொள்வார்கள். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அளவுப் பலகையில் பிள்ளையின் குதிகாலை அழுத்திப் பார்ப்பார். "அடுத்த வருஷம் பேண்டெல்லாம் கணுக்காலுக்கு மேல ஏறிடும்மா. துணியைப் பெருசாவே எடுங்க" என்பார். பாதம்தான் முதலில் வளரும், உயரம் பின்னால் வந்து சேரும். இருபது வருட அனுபவம், லேசில் தப்பாது.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னவருக்கு, வீட்டில் வாய் அடைத்துப்போனது. மகனுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. பாதம் இரண்டு வருடமாக அதே நாலாம் நம்பர். மேலுதட்டில் பூனைமுடிகூட இல்லை. போனை எடுத்தால், "அப்பா இருந்தா குடும்மா" என்கிறார்கள். மூன்று வயது இளையவளோ போன வருடம் பெரியவளாகி, முகப்பருவும் முன்கோபமுமாக மளமளவென்று அண்ணனைத் தாண்டிவிட்டாள். போட்டோ எடுக்கும்போது அவளாகவே முழங்காலை மடக்கிக்கொள்கிறாள். அந்த இரக்கம்தான் அவனுக்கு ஆகவே ஆகாது.

முதலில் விளையாட்டு வகுப்பு இருக்கும் நாளில் மட்டும் வயிற்றுவலி வந்தது. உடை மாற்றும் அறையில் மற்றவர்கள் அக்குள் முடியும் கரகரத்த குரலுமாகத் திரிய, இவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சட்டை மாற்றுவானாம். பிறகு வயிற்றுவலி எல்லா நாளும் வந்தது. ஒரு மாதமாகப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டான். ஜோசியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எட்டாம் நம்பர் கேட்டவருக்கு ஆறை எடுத்து நீட்டினார். ஒரு தடவை இரண்டும் இடது காலாகவே கட்டிக் கொடுத்துவிட்டார்.

இதில் அவர் பங்கும் உண்டு. மகனுக்கு ரோஷம் வரட்டும் என்று இரண்டு வருடமாக அவர் சொல்லிவந்தது இது: "பதிமூணு வயசுல எனக்கு மீசையே இருந்துச்சுடா. நல்லா சாப்பிடு, ஓடு, கம்பியில தொங்கு." பாவம், பையன் சாப்பிட்டான், ஓடினான், தொங்கினான். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் மனைவி போட்ட சத்தத்தில்தான் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் பையனின் உயரம் பார்த்தார், திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சோதித்தார், இடது கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, "எலும்புக்குப் பன்னெண்டரை வயசுதான் ஆகுது" என்றார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"சார், நீங்க எந்த வயசுல வளர்ந்தீங்க?"

"பதிமூணு." சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது.

"நான் பன்னெண்டுல" என்றாள் மனைவி.

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "குடும்பத்துல யாராவது லேட்டா வளர்ந்திருந்தா பெரும்பாலும் பயமில்ல, தானா வரும். அப்படி இல்லேன்னா காரணம் தேடணும். தலைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்."

"தலைக்கா?" என்றான் மகன். முகத்தில் ஈயாடவில்லை.

ஜோசியருக்கு நாற்காலி சுட்டது. கட்டிய மனைவிக்குக்கூடச் சொல்லாத விஷயம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பதிமூணு இல்ல சார். பதினேழு. அதுவரைக்கும் எனக்கு ஒண்ணுமே வரல. பத்தாவது பரீட்சை எழுதப் போனப்ப, சின்னப் பசங்களுக்கு இங்க வேலையில்லைன்னு வாட்ச்மேன் கேட்டுலயே நிறுத்திட்டார்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். டாக்டர் சிரித்துவிட்டார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? இப்போதைக்கு ரத்தம் மட்டும் பார்ப்போம். ஆறு மாசம் கழிச்சு வாங்க. தம்பி, அப்பா மாதிரிதான் நீயும், அனேகமா. கொஞ்சம் பொறு."

பேருந்து நிறுத்தத்தில் மகன் நாலடி தள்ளிப் போய் நின்றான். பிள்ளைக்குப் பாரம் இறங்கியிருக்கும் என்று நினைத்து அவர் பக்கத்தில் போனார்.

"இப்ப நிம்மதிதானே?"

"குளிக்கப் போறப்பல்லாம் தாழ்ப்பாள் போட்டுட்டுக் கண்ணாடியில தேடுவேன்ப்பா. ஒரு முடியாவது வந்திருக்கான்னு. எனக்கு ஏதோ பெரிய வியாதி, நீங்க எல்லாரும் மறைக்கிறீங்கன்னு நெனச்சேன்." கீச்சுக் குரல் உடைந்து அழுகையானது. "உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே வெளிய நின்னு, என்னடா இவ்வளவு நேரம்னு கதவைத் தட்டுனீங்க."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பேருந்துக்கு நின்றவர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாடா," என்றார். "தட்டினேன்."