கம்ப்யூட்டருக்குள் பால் காய்ச்சினோம்

அந்த விளையாட்டு எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தது 1999 ஆனிக் கடைசியிலா, ஆடி பிறந்த பிறகா என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்றுவரை ஒத்துப்போவதில்லை. அன்று மாடிப்படிக்குக் கீழே பலாப்பழ வண்டி நின்றிருந்தது, அதனால் ஆனி என்பது என் கட்சி. அவள் ஒரே கேள்வியில் அதை அடித்துவிடுவாள். "ஆடியில குடிபோகக் கூடாதுன்னு நான் சொன்னேனா இல்லையா? ஆனியா இருந்தா எதுக்குங்க அப்படி சொல்லப்போறேன்?" எந்தச் சம்பவத்துக்கும் மாதத்தையாவது சரியாகக் குறித்துவிட வேண்டும் என்பது எனக்குப் பழக்கம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவளுடைய சாட்சி என்னுடையதைவிட வலுவானது.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். இனிமேல் சரக்குக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த சென்டரில் சேர்ந்தேன். "நானும் வரேன்" என்று என் மனைவியும் சேர்ந்தாள். பத்தாவது முடித்தவள். மவுஸைப் பிடிப்பதில் என்னைவிடக் கை தேர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாடம் கிடையாது, வேண்டியதைப் பழகிக்கொள்ளலாம். அப்படி ஒரு ஞாயிறன்று, எங்களுக்குப் பாடம் எடுக்கும் மாஸ்டர், ரிச்சி தெருவிலிருந்து புதிய சி.டி. ஒன்றை வாங்கிவந்து கடைசி மெஷினில் போட்டார்.

கார் ஓட்டுவதோ துப்பாக்கி சுடுவதோ இருக்கும் என்று நினைத்தோம். திரையில் ஒரு காலி மனை வந்தது. அதில் சுவர் எழுப்பலாம், கதவு வைக்கலாம், கட்டில் போடலாம். பிறகு ஆட்களை உண்டாக்கிக் குடிவைக்கலாம். அவர்கள் காலையில் எழுந்து குளிப்பார்கள், சமைப்பார்கள், வேலைக்குப் போவார்கள், திரும்பி வந்து தட்டைக் கழுவுவார்கள், தூங்குவார்கள். அவ்வளவுதான். ஜெயிப்பது எப்படி என்று நான் கேட்டேன்.

"இதுல ஜெயிக்கறதெல்லாம் கிடையாது சார்" என்றார் மாஸ்டர்.

"அப்புறம் எப்போ முடியும்?"

"முடியாது."

கதைப் புத்தகங்கள் நிறையப் படித்தவன் நான். நான் படித்த எந்த நாவலிலும் கதாநாயகன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்து நான் பார்த்ததில்லை. இதில் அதைக் கழுவாவிட்டால் ஈ மொய்த்தது. தினமும் செய்து அலுத்துப்போன வேலைகளையே மறுபடி உட்கார்ந்து செய்வதில் என்ன சுகம் என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த சில ஞாயிறுகளில் மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

எங்களோடு ஒரு பஸ் கண்டக்டர் படித்தார். டிப்போ ஆபீஸ் வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்று வந்தவர். அவர் உண்டாக்கிய ஆள் வேலைக்கே போகமாட்டான். காலையில் வாசலில் வண்டி வந்து நின்று ஹாரன் அடிக்கும். ஆள் போர்வைக்குள் புரண்டு படுப்பான். கண்டக்டருக்குச் சிரிப்புத் தாங்காது. "அடிச்சிகினே கீறான் பாரு! போயேன்டா, அவன் வரமாட்டான்! தூங்கு நைனா, நீ தூங்கு!" நான்கு மணி ஷிப்டுக்கு எழுந்து ஓடுகிறவருடைய சிரிப்பு அது.

எஸ்டேட்டில் டைப்பிஸ்டாக இருந்த ஒரு பெண்ணும் வருவாள். வீட்டில் ஆறு பேர், ஒரே அறை. அவள் ஒரு சின்ன அறையைக் கட்டி, ஒரு கட்டிலும் விளக்கும் போட்டு, ஒரு பெண்ணை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். அந்தப் பெண் புத்தகம் படித்துக்கொண்டிருப்பாள். இவள் கன்னத்தில் கைவைத்து, அவள் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இன்னா தங்கச்சி, அது படிக்கிது, நீ பாக்கறே. டிக்கெட் இன்னா வெல?" என்பார் கண்டக்டர்.

"உங்காளு எழுந்துட்டானா, அதைப் பாருங்க முதல்ல" என்பாள் திரும்பாமலே.

என் மனைவி வீடு கட்டினாள். கட்டினாள், கட்டினாள், ஆடிக் கடைசி வரை கட்டினாள். முதலில் கட்டியது குளியலறை. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். நாங்கள் இருந்தது நான்கு குடித்தனம் உள்ள வீட்டின் பின்பக்கப் போர்ஷன். நான்கு குடித்தனத்துக்கும் ஒரே குளியலறை. தகரக் கதவு, தாழ்ப்பாள் போய்ப் பல வருடம். உள்ளே போகிறவர்கள் கதவின் மேல் துண்டைப் போட்டுவைக்க வேண்டும், அதுதான் அடையாளம். துண்டைப் பார்த்தாலும் தட்டுவார்கள்.

"யாரு உள்ள?"

"நாந்தான்."

"நாந்தான்னா யாரு?"

"மூணாம் போர்ஷன்."

"இன்னும் எவ்ளோ நேரம்? தண்ணி லாரி வந்து நிக்குது, பக்கெட் உள்ள மாட்டிகீது!"

அந்த வீட்டுக்குக் குடிவந்தது முதல் அவள் குளித்ததெல்லாம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான்.

கம்ப்யூட்டரில் அவள் வைத்த குளியலறைக் கதவு மரக் கதவு. குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் கொட்டியது.

"மாஸ்டர், இதுக்குத் தண்ணி எங்கேருந்து வருது? டேங்கே இல்லையே?"

"அதெல்லாம் கேக்காதீங்க மேடம். வருது, அவ்ளோதான்."

அந்தப் பதில் அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எங்களுக்கும் ஒரு மனை இருந்தது. வேப்பம்பட்டில், ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் தவணையில் வாங்கியது. நான்கு மூலையிலும் கல் நட்டிருந்தோம். தை மாதம் தவறாமல் ரயிலேறிப் போய் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிவிட்டு வருவோம். வெட்டிய இடத்தில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடுவோம். எப்போது கட்டப்போகிறோம் என்று அவள் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதே கேட்பதுபோலத்தான் இருக்கும்.

திரையில் வீடு முடிந்த பிறகும் அவள் ஆள் வைக்கவில்லை. சமையலறை, கூடம், ஒரு படுக்கையறை, வாசலில் செம்பருத்தி, எல்லாம் தயார். ஆனால் வீடு பூட்டியே கிடந்தது.

"இன்னாக்கா, ஊட்டக் கட்டிப் பூட்டி வெச்சிகீறே? ஆள வையி!" என்றார் கண்டக்டர்.

"ஆடியில யாராவது குடிவைப்பாங்களா?"

ஆவணி வந்தது. "பால் காய்ச்சாம எப்படி? அதுக்கு நல்ல நாள் பாக்கணும்" என்றாள். மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "மேடம், இது கேம்!" நாள் பார்ப்பதிலேயே அவள் ஆவணியைக் கடத்தினாள். புரட்டாசியில் யாரும் கேட்கவுமில்லை. ஆகாது என்று அதற்குள் அவர்களுக்கே தெரிந்துபோயிருந்தது. நாங்கள் மூன்று வாடகை வீடு மாறியிருக்கிறோம். மூன்றிலும் பால் காய்ச்சித்தான் நுழைந்தோம். ஆனால் இதை அவள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் வேறு என்று எனக்குப் பட்டது. வேப்பம்பட்டில் ஒரு நாள் நிஜமாகவே பால் பொங்கும். அதற்கு முன்னால் இங்கே பொங்கினால், அதில் ஏதோ குறைந்துபோகும் என்று பயந்தாள்.

அந்தப் புரட்டாசியில்தான் எங்கள் கம்பெனியை மூடினார்கள். காலை ஷிப்டுக்குப் போனவர்கள் கேட்டில் தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டு, டீக்கடையிலேயே மதியம் வரை நின்றிருந்தோம். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்கக்கூட உள்ளே விடவில்லை. வேறு வேலை கிடைக்கும்வரை குடும்பம் நடக்க வேண்டும். எங்களிடம் விற்பதற்கு இருந்தது அந்த மனை ஒன்றுதான். அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு இரவு சாதம் பரிமாறும்போது அவளே சொன்னாள்: "கண்டக்டர் மனை தேடிகினு இருக்காரு. நம்மளது ஒண்ணு இருக்குன்னு நான் சொல்லிட்டேன்."

ஐப்பசியில் மழை இரண்டு நாள் விட்டிருந்தபோது மூன்று பேரும் ரயிலில் போனோம். மனையின் பின்பக்கம் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கண்டக்டர் கல்லுக்குக் கல் பார்த்துவிட்டு நேராகக் குறுக்கே நடந்து எங்களிடம் வந்தார்.

"ஐயோ! சுவத்து மேல வரியேப்பா!" என்று கத்திவிட்டாள் என் மனைவி.

கண்டக்டர் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார். வெறும் புல். குனிந்து பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய வீட்டை மாதக்கணக்கில் திரையில் பார்த்தவர் அல்லவா? பின்னாலேயே காலெடுத்து வைத்துச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போனார். செருப்பைக் கழற்றிவிட்டார்.

"இப்ப வரலாமாக்கா?"

"வா."

நான் வெளியே நின்றிருந்தேன். அந்த மனையில் வாசல் கிழக்கே என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடமும் வடக்கே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் அவருக்குக் கூடத்தைக் காட்டினாள். சமையலறையில் ஜன்னல் எங்கே வரும், அடுப்பு எந்த மூலை என்று கையால் காட்டினாள். அவரும் "ம், ம்" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே நடந்தார். கடைசியில் ஒரு இடத்தில் வந்து நின்றாள். திரையில் மரக் கதவு இருந்த இடம் அது.

"இங்க இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ உன் இஷ்டத்துக்குக் கட்டிக்கோ."

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. திருநின்றவூர் தாண்டியது. பிறகு கண்டக்டர் என் பக்கம் சாய்ந்து, "அண்ணாத்தே, அக்காவுக்கு மனசில்லன்னா வேணாம், நான் வேற பாத்துக்கறேன்" என்றார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது கேட்டுவிட்டது. "யாரோ கட்றதுக்கு நீ கட்டு. நீயாவது கதவு வழியா வருவே" என்றாள்.

கார்த்திகையில் பத்திரம் பதிவானது. அந்த வாரமே மாஸ்டர் இன்னொரு குண்டைப் போட்டார். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களுக்கு எந்த வருடம் என்று புரியாமல் எல்லாம் குழம்பிவிடும் என்று பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது.

"நம்ம மெஷினெல்லாம் பழசு. இருக்கறது இருக்குமோ, அழிஞ்சிடுமோ, சொல்ல முடியாது. வேணுங்கறத இப்பவே பாத்துக்குங்க."

"என் வீடுமா?" என்று கேட்டாள் என் மனைவி.

"போனாலும் போகும் மேடம்."

அவள் விரல்விட்டு எண்ணினாள். மார்கழி பிறந்துவிட்டால் ஆகாது. கார்த்திகையில் இன்னும் ஒரு ஞாயிறுதான் மிச்சம்.

அந்த ஞாயிறு காலை அவள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் புதுப் பாத்திரத்தையும் பாலையும் எடுத்துக்கொண்டு சென்டருக்கு வந்தாள். மாஸ்டர் அலறினார். செருப்போடுகூட யாரையும் உள்ளே விடாதவர் அவர்.

"மேடம், உள்ள ஏ.சி. ஓடுது! ஸ்டவ்வா?"

"நம்ம வீட்டுல காய்ச்சி எடுத்துகினு வந்தா அது நம்ம வீட்டுப் பாலு. இங்கதான் காய்ச்சணும்."

கடைசியில் மாடிப்படி முடிகிற இடத்தில், கதவுக்கு வெளியே, என்று முடிவாயிற்று. கண்டக்டர் காக்கிச் சட்டையோடு வந்திருந்தார், அடுத்த டிரிப்புக்குள் திரும்ப வேண்டும். டைப்பிஸ்ட் பெண் காகிதக் கப்புகள் வாங்கிவந்தாள். எல்லோரும் பாத்திரத்தைச் சுற்றி நின்றோம். மாஸ்டர் மட்டும் புகை உள்ளே போகாமலிருக்கக் கதவை முதுகால் அழுத்திக்கொண்டு நின்றார். பால் எழும்பியது, நுரைத்து வழிந்தது.

"பொங்கிடுச்சி!" என்று முதலில் கத்தியவர் மாஸ்டர்தான்.

பிறகு அவள் உள்ளே போய் மெஷின் முன் உட்கார்ந்தாள். ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் உண்டாக்கினாள். ஆணுக்கு மீசை வைத்தாள். "தொப்பை வைக்க இதுல வழியில்லைங்க" என்றாள் என்னிடம். இருவரையும் வாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டு, மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அவர்களாக என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம் என்றாள்.

மீசைக்காரர் வாசலில் கிடந்த பேப்பரை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பெண் கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். சமையலறையை எட்டிப் பார்த்தாள். பிறகு நேராகக் குளியலறைக்குள் போனாள். மரக் கதவு சாத்திக்கொண்டது. ஸ்பீக்கரில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

சத்தம் நிற்கவில்லை. டைப்பிஸ்ட் பெண் நாற்காலியை இழுத்து என் மனைவியின் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் கிளம்பவில்லை.

அப்போது மீசைக்காரர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்து, அந்தக் கதவை நோக்கி நடந்தார். என் மனைவி சட்டென்று மவுஸைப் பிடித்து அவரை வாசலுக்குத் திருப்பிவிட்டாள்.

"கொஞ்ச நேரம் வெளிய இருங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் யாரிடம் சொன்னாள் என்று நான் யோசிக்கவில்லை. எழுந்து வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். ஸ்டவ் அணைந்திருந்தது. பாத்திரத்தில் மிச்சமிருந்த பாலில் ஏடு படர்ந்திருந்தது. உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை.