பிலிப்ராஜ் பொறுக்கிய சொல்

எங்கள் அடிவாரத்து ஊரில் ஸ்பானிஷ் தெரிந்த ஒரே ஆள் பிலிப்ராஜ். மாதா கோயிலில் இருந்த ஸ்பெயின் நாட்டுச் சாமியாருக்குச் சமைத்துப் போட்டே கற்றுக்கொண்ட பாஷை. உப்பு, வெங்காயத்தில் தொடங்கிப் பிரசங்கம் வரைக்கும் வந்துவிட்டான். சாமியார் ஊர் திரும்பிய பிறகு, அங்கிருந்து யார் வந்தாலும் பேசிக்காட்ட அவன்தான். நான் இன்று அந்த நாட்டில்தான் பிழைக்கிறேன். ரொட்டிக் கடையில்கூட ஒரு சொல் தவறிவிடுமோ என்று வாய் தயங்குகிறது. பிலிப்ராஜுக்கு அந்தத் தயக்கம் ஒருநாளும் இருந்ததில்லை.

எண்பத்தொன்றில், புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் ஸ்பெயின்காரர்கள் உதவியோடு கிணறு வெட்டினார்கள். தண்ணீர் கண்டாயிற்று. ஆனால் பக்கமெல்லாம் பொலபொலவென்ற மண். மழைக்கு முன் கல்கட்டு கட்டாவிட்டால் சரிந்துவிடும். அதற்குச் சிமெண்டு வேண்டும், கொத்தன் வேண்டும். உதவி செய்த தம்பதியே பார்க்க வருகிறார்கள் என்றதும், நேரில் கேட்டுவிடலாம் என்று ஊர்க்கவுண்டர் சின்னதம்பி காத்திருந்தார்.

அங்கே ஒரு வழக்கம். வந்தவர் சாப்பிட்டுக் கை நனைக்கும்வரை ஊர்க்குறையை அவரிடம் சொல்லக்கூடாது. சாமைச் சோறும் கோழிக் குழம்பும் தயாராக இருந்தன. வயிற்றுக்குப் பயந்த தம்பதியோ ஜீப்பிலேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். கவுண்டர் வாயைத் திறக்கவில்லை. பிலிப்ராஜை மட்டும் தனியே இழுத்தார்.

"சாரே, அவங்க சாப்புடல, நான் கேக்க முடியாது. நீங்களாவது கல்கட்டப் பத்தி சொல்லுங்க."

"கவுண்டரே, சும்மா இருங்க. எனக்குத் தெரியாதா?"

கிணற்று மேட்டில் அந்த அம்மாள் கேட்டாள், வேலை எப்படி முடிந்தது என்று. அந்த நொடியில் தன் மனசில் வெற்றிக்கு எத்தனை சொல் வரிசைகட்டி நின்றது என்பதை, பிறகு என்னிடம் அவனே பெருமையாக விவரித்தான். 'கனார்', ஆட்டத்தில் ஜெயிப்பதற்கும் கூலி சம்பாதிப்பதற்கும் சொல்வது. கூலிக்காரன் சொல் என்று தள்ளினான். 'பென்ஸேர்', எதிரியை வீழ்த்துவது. இங்கே எதிரி யார்? 'எக்ஸிதோ', காரியம் நன்றாக முடிந்தது என்பது. அது கடைக்காரன் பேச்சாம். 'லோக்ரார்', பாடுபட்டு ஒன்றை எட்டுவது. அதன் முன்னால் 'இன்னும் இல்லை' என்று சேர்த்திருந்தால் ஊருக்குக் கல்கட்டு கிடைத்திருக்கும். அது அழுமூஞ்சிச் சொல்லாம். ஸ்பெயினுக்கு ஒருமுறை கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவனுக்கு அழுமூஞ்சிச் சொல் எதற்கு?

கையை உயர்த்தி, "த்ரியுன்ஃபோ!" என்றான். கொடியும் கொட்டுமாகக் கொண்டாடும் வெற்றி அது. தம்பதி கைதட்டினார்கள். கவுண்டரும் மரியாதைக்குத் தட்டினார். படம் எடுத்துக்கொண்டு, இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை என்ற நிம்மதியோடு ஜீப் ஏறினார்கள்.

"இன்னா சொன்னீங்க சாரே?" என்று கேட்டாள் பாஞ்சாலை. அந்தக் கிணற்றில் மண் சுமந்தவள்.

"ஜெயிச்சுட்டோம்னு சொன்னேன்."

"யாரு, நாமளா? கல்லு எப்ப வரும்?"

"எல்லாத்தையும் ஒரே நாள்ல கேக்கக் கூடாதும்மா. அவங்க பழக்கம் உனக்குத் தெரியாது."

அழைப்பு வந்தது. ஐப்பசியில், கோட்டு தைத்துக்கொண்டு ஸ்பெயினுக்குப் போனான். அங்கே ஒரு மாதா கோயில் மண்டபத்தில், பின்னால் கிணற்றுப் படம் பெரிதாகத் தெரிய, அதே சொல்லை மறுபடியும் முழங்கினானாம். இங்கே அதே மாதம் மழை பிடித்தது. இரண்டு பக்கமும் சரிந்து, கிணறு பாதிக்குமேல் தூர்ந்துபோயிற்று.

கோட்டு கசங்காமல் அவன் மலையேறி வந்த அன்று, ஊரே கிணற்றுக்குள் இறங்கிச் சேற்றை வாரிக்கொண்டிருந்தது. மேட்டில் நின்று அவன், "இன்னா ஆச்சு?" என்றான்.

பாஞ்சாலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு உள்ளே குனிந்து கத்தினாள்:

"சாரு வந்துட்டாரு, வழி வுடுங்க! அவரு ஜெயிச்சத கூடைல அள்ளி மேல அனுப்புங்க, எடுத்துக்கினு போவட்டும்!"

முதல் கூடைச் சேறு அவன் பளபளக்கும் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.