கப்பலில் இரண்டாம் பந்தி

போன வாரம் மகள் போனில் கேட்டாள். "அப்பா, நீங்க போகப்போற கப்பல்ல ராத்திரிச் சாப்பாடு ரெண்டு தடவை போடுவாங்கல்ல, ஆறரை மணிக்கா, எட்டரை மணிக்கா? இப்பவே சொல்லணும்." நான் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்து, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் சமையற்கட்டிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "ரெண்டாம் பந்தின்னு சொல்லுங்க." சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள். போனில் மகள் சிரித்துவிட்டாள். அவளுக்கும் அவர் நினைவு வந்திருக்க வேண்டும்.

அவர் என்றால் என் சம்பந்தி, மகளின் மாமனார். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டவர். காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. எங்களுடைய முதல் கப்பல் பயணத்தில் அவரும் இருந்தார். அந்தக் கப்பலில் பந்தி என்ற சொல்லை ஏற்றியவரே அவர்தான்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் ஓமலூர்க்காரன். உத்தியோகக் காலம் முழுவதும் பயிர்க் கணக்கெடுப்பில் இருந்தேன். வயலில் கயிறு கட்டி, கட்டத்துக்குள் விழுகிற கதிரை எண்ணி எழுதுகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்குக் கதிர் இல்லாததால் படிக்கட்டு, தூண், பஸ்ஸில் நிற்பவர்கள் என்று கண்ணில் பட்டதை எல்லாம் எண்ணுகிறேன். சர்க்கரை நோய் வந்ததும் கவலையும் ஒரு உத்தியோகமாகிவிட்டது. சாயங்காலம் ஆறரைக்கு ஊசி, ஏழுக்குச் சாப்பாடு. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் இதில் மாற்றம் கிடையாது.

சம்பந்தியின் வாழ்க்கை இதற்கு நேர் எதிர். அவர் வீட்டில் எப்போதும் பத்துப் பதினைந்து பேர் சாப்பிடுவார்கள். வண்டியில் வேலை செய்கிற வடநாட்டு ஆட்கள், டிரைவர்கள், கணக்கு எழுதுகிறவர், ஏதோ வேலையாக வந்து மாட்டிக்கொண்டவர் என்று வரிசையாக உட்கார வைத்து, இவர் நடுவில் நடந்து, இலையிலே எது குறைகிறது என்று பார்த்துக் கேட்டுக்கேட்டுப் போடச் சொல்வார். எங்கள் பக்கத்தில் இதைப் பந்தி விசாரிப்பது என்போம். கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவரோ பிள்ளையைப் பெற்றவரோ ஒரு நாள் செய்கிற காரியம் அது. அவர் அதைத் தினமும் செய்தார். எல்லோரும் எழுந்த பிறகு, கடைசியில் அவரும் சம்பந்தியம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அது அவர்கள் இருவர் மட்டுமே உள்ள பந்தி. நான் விருந்தாளி என்பதால் ஏழு மணிக்கே சாப்பிட்டுப் படுத்திருப்பேன். அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

சம்பந்தியம்மா காலமான பிறகு அவர் இரவில் சாப்பிடுவதை விட்டுவிட்டார். பந்தி மட்டும் வழக்கம்போல நடந்தது. கடைசி ஆள் எழுந்ததும் "பசிக்கலீங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவாராம். காலையிலும் மதியமும் கோழி கொறிப்பது போலத்தான். சட்டை தோளிலிருந்து நழுவுகிற அளவுக்கு இளைத்துப்போனார். டாக்டர் திட்டிவிட்டார். இடம் மாறினாலாவது சரியாகும் என்று மகளும் மாப்பிள்ளையும் எங்கள் மூவரையும் சென்னையிலிருந்து இலங்கை போய்த் திரும்பும் கப்பலில் அனுப்பினார்கள். புறப்படும்போது மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அப்பா, மாமா ஒரு ராத்திரியாவது உக்காந்து சாப்பிடணும். நீங்கதான் பாத்துக்கணும். இப்பிடியே போனா எங்களுக்குத் தாங்காது." என் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளவே பொழுது பற்றாத என்னிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தாள்.

துறைமுகத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், இரவுச் சாப்பாடு முதலாவதா இரண்டாவதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "என்ன கேக்கறாங்க சம்பந்தி?" என்றார் அவர். இரண்டு தடவையாகச் சாப்பாடு நடக்குமாம், எதில் உட்காருகிறோம் என்று கேட்கிறாள் என்றேன். அவர் முகம் சட்டென்று தெளிந்தது. வீட்டிலிருந்து புறப்பட்டது முதல் அவருக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான்.

"அட, பந்தியா! ரெண்டாம் பந்தின்னு சொல்லுங்க. மொதப் பந்தி விருந்தாளிங்களுக்குங்க. நாம எப்பிடி மொதல்ல உக்காரறது?"

"நாமளும் விருந்தாளிங்கதான்" என்றேன்.

"அதெப்பிடீங்க? முக்காவாசிப் பேரு வெளியூரு, வெளிநாடு. நம்ம ஊருக் கடலுக்கு வந்து ஏறியிருக்காங்க. அப்ப நாமதானுங்களே ஊட்டுக்காரங்க?"

எனக்குப் பின்னால் இருபத்திரண்டு பேர் நின்றிருந்தார்கள். என் ஊசியும் ஆறரை மணியும் மனதில் நின்றன. எனக்கும் மனைவிக்கும் முதல் பந்தி, அவருக்கு இரண்டாம் பந்தி என்று எழுதிக்கொடுத்துவிட்டு உள்ளே போனேன். கப்பலில் கால் வைத்த பிறகுதான் மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் சாப்பிடுகிற நேரத்தில் நான் பக்கத்திலேயே இருக்கப்போவதில்லை.

சாப்பாட்டு மண்டபத்தைப் பார்த்து நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இரண்டு மாடி உயரம். நடுவே வளைந்து இறங்கும் படிக்கட்டு. மேஜைகளை எண்ண ஆரம்பித்து நூற்றுப்பத்தில் விட்டேன், அதற்கு மேலும் போய்க்கொண்டே இருந்தது. சன்னலுக்கு வெளியே கடல் தங்க நிறத்தில் எங்களோடு கூடவே நகர்ந்தது. இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் சோறு போடுகிற ஒரு வீடு தண்ணீர்மேல் மிதந்து போகிறது என்பது எனக்கு நம்பும்படியாகவே இல்லை. சூப் வந்தது. இரண்டு கரண்டிதான் குடித்திருப்பேன். என் மனைவி முழங்கையால் இடித்தாள்.

படிக்கட்டில் சம்பந்தி இறங்கி வந்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. சாப்பிட வரவில்லை, விசாரிக்க வந்திருந்தார். முதல் மேஜையில் நாலு வெள்ளைக்காரர்கள். கும்பிட்டு, "நல்லா சாப்புடுங்க, கூச்சப்படாதீங்க" என்றார். அவர்களும் எழுந்து கும்பிட்டார்கள். அடுத்த மேஜையில் ரொட்டிக் கூடை காலி. பரிமாறுகிறவரைக் கைதட்டி அழைத்து, "இங்க பாருங்க சாமி, ரொட்டி தீந்துபோச்சு" என்றார். அவர் பிலிப்பைன்ஸ்காரர். ஒரு சொல் புரியாமலே ரொட்டி கொண்டுவந்தார். ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு மூதாட்டிக்கு நாற்காலியைத் தள்ளிக் கொடுத்து, கோலைக் கைக்கு எட்டுகிற இடத்தில் சாய்த்து வைத்தார். அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். இவர் "இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க" என்று தலையாட்டினார்.

"மொய் எழுத ஆள் வெக்காததுதான் பாக்கி" என்றாள் என் மனைவி. அவளுக்குச் சிரிப்பு. எனக்கு வெட்கத்தில் காது சூடாகியிருந்தது. யாராவது வந்து அவரை வெளியே போகச் சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. சிவப்புக் கோட்டு போட்ட மேற்பார்வையாளர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தானும் மேஜை மேஜையாக வந்து விசாரிக்கத் தொடங்கினார். அந்த மண்டபத்தில் ஏதோ ஒன்று மாறியது. சத்தம் கூடியது, பக்கத்து மேஜையோடு பக்கத்து மேஜை பேசியது. என் வெட்கம் எந்த இடத்தில் வியப்பாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. பாஷை தெரியாத, பேர் தெரியாத ஒரு கூட்டத்தை ஒரு மனிதர் தன் வீட்டு விருந்தாக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அந்தப் பிலிப்பைன்ஸ்காரர் எனக்குக் காபி ஊற்றிக்கொண்டே, உங்கள் நண்பரின் நாற்காலி இரண்டாவது தடவையில் காலியாக இருந்தது என்றார். மகளிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு வரி வந்திருந்தது. "மாமா சாப்பிட்டாரா?"

அன்று சாயங்காலம் அவரை மேல்தளத்தில் பிடித்தேன். சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கரை என்று ஒன்று இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றிருந்தார். நான் சாப்பாட்டுப் பேச்சை எடுப்பதற்குள் அவர் கேட்டார்.

"ஏனுங்க, இதுக்குக் கீழ எத்தன அடி இருக்கும்?"

அந்தப் பக்கம் வந்த கப்பல் ஊழியரைக் கேட்டுச் சொன்னேன். பத்தாயிரம் அடியாம். அவர் கிணற்றுக்குத் துளை போடுகிற இருபது அடி ராடுகளால் கணக்குப் போட்டார். நானும் போட்டேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் விடை வந்தது.

"ஐந்நூறு ராடு!" என்றார். "சம்பந்தி, ஆயிரம் அடி போட்டும் தண்ணி இல்லாம வெறும் பொகை வந்து, அந்தக் குடியானவன் மூஞ்சியப் பாக்க முடியாம வண்டிய எடுத்துட்டு வந்திருக்கேனுங்க. இங்க பாருங்க, ஐந்நூறு ராடுக்கும் தண்ணி."

இத்தனை தண்ணீரை அவரைப் போல யாராலும் பார்த்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. ராத்திரி சாப்பிடவில்லையாமே என்று மெல்லக் கேட்டேன். "பசிக்கலீங்க. நேரமாச்சு, நீங்க பந்திக்குப் போங்க" என்றார். அன்று இரவும் அவர் விசாரித்தார். அன்று இரவும் அவர் நாற்காலி காலி.

மூன்றாம் நாள் என் மனைவி முடிவெடுத்துவிட்டாள். "நாமளும் ரெண்டாம் பந்திக்கு மாறிக்கலாம்."

"என் ஊசி?"

"ஒரு நாள் ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போட்டா செத்தா போயிருவீங்க?"

"போனாலும் போயிருவேன்" என்றேன்.

அவள் என்னைப் பொருட்படுத்தாமல் போய் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். இந்த வயதில் நான் செய்த பெரிய தவறு அன்று சாயங்காலம் நடந்தது. மனம் மாறியிருந்தது, கை மாறவில்லை. ஆறரை மணிக்கு வழக்கம்போல ஊசியைப் போட்டுவிட்டு, சட்டைக்குப் பொத்தான் போடும்போதுதான் இன்று எட்டரை என்பது நினைவுக்கு வந்தது. மனைவி திட்டிக்கொண்டே பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. முதல் பந்தியில் எங்கள் நாற்காலிகளைக் காலியாகப் பார்த்துவிட்டு சம்பந்தி மூச்சிரைக்க ஓடிவந்திருந்தார். "என்னங்க ஆச்சு? பந்திக்கு வல்லீங்களே? ஒடம்புக்கு ஆவலீங்களா?"

"நாங்களும் ஊட்டுக்காரங்கதானுங்கண்ணா" என்றாள் என் மனைவி. "உங்களோடதான் உக்காருவோம்."

துறைமுகத்தில் அவரே சொன்ன நியாயம்தான் அது.

எட்டரைக்கு எங்களை மேஜையில் உட்கார வைத்தார். தண்ணீர் வந்ததா, ஸ்பூன் இருக்கிறதா என்று பார்த்தார். "சாப்புடுங்க, நான் ஒரு சுத்து பாத்துட்டு வாரேன்" என்று துண்டைச் சரிசெய்தார். சாதமும் பருப்பும் என் முன்னால் இருந்தன. பிஸ்கட் தாங்கிய நேரம் முடிந்திருந்தது. சர்க்கரை இறங்கி நெற்றியில் வியர்வை. விரல்கள் மேஜைவிரிப்பின்மேல் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. ஒரு பிடி எடுத்து வாயில் போட்டால் போதும். வாழ்க்கையில் ஒரு வேளைச் சாப்பாட்டையும் தள்ளிப்போடாத நான், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இவரு ஊசி போட்டுட்டாருங்கண்ணா" என்றாள் என் மனைவி. அவள் குரலில் விளையாட்டு இல்லை. "ரெண்டு மணி நேரமாச்சு. நீங்க உக்காராம இவரு கை வெக்க மாட்டாரு."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தை. விருந்துக்கு வந்த ஒருவன் தன்னால் பட்டினி கிடக்கிறான் என்பதை அவரால் ஒரு கணம்கூடத் தாங்க முடியாது என்று அப்போது தெரிந்தது. "என்ன காரியம் பண்றீங்க சம்பந்தி!" என்று கிட்டத்தட்ட அதட்டினார். நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்தார். எதிரே இருந்த தட்டில் ஸ்பூனைத் தள்ளிவிட்டுச் சாதத்தைப் பிசைந்து, ஒரு உருண்டை வாயில் போட்டுக்கொண்டு, "ம், போட்டுட்டேன். நீங்க போடுங்க" என்றார். நான் போட்டேன். அவர் இன்னொன்று போட்டார். நான் நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து வேகமாகச் சாப்பிட்டேன். என்னைச் சாப்பிட வைப்பதாக நினைத்து அவரும் வேகமாகச் சாப்பிட்டார்.

எப்போது என் கை ஆட்டம் நின்றது என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவர் என்னை மறந்திருந்தார். தலை குனிந்து, கண் பாதி மூடி, ஒரு பருக்கை சிந்தாமல், சாதத்தை விரல் நுனியால் கூட்டிக் கூட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் பந்தி போட்ட மனிதர் சோற்றை இவ்வளவு மரியாதையாகச் சாப்பிடுவார் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சன்னலுக்கு வெளியே இருட்டு. அவருக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நானும் மனைவியும் யோசித்துவைத்தது போல அவருக்குப் பக்கங்களில் உட்கார்ந்திருந்தோம், உண்மையில் யோசிக்கவே இல்லை.

பிலிப்பைன்ஸ்காரர் ஒரு சின்னச் சாடியில் ரசம் கொண்டுவந்து சாதத்தில் ஊற்றினார். இரண்டு வாய் சாப்பிட்டதும் சம்பந்தி அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்.

"அவ இருந்தா ரசத்துல புளி பத்தலம்பா" என்றார்.

அவர் சொல்லிவிட்டு மறுபடி நிமிர்ந்து, தட்டுக்குமேல் வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். ரசம் கேட்கிறார். பிலிப்பைன்ஸ்காரருக்குப் புரியவில்லை. கிண்ணம் ஒன்றை எடுத்து வைத்தார். சம்பந்தி கிண்ணத்தைத் தள்ளிவிட்டுக் கையையே நீட்டினார். ஆவி பறக்கிற ரசத்தை ஒரு மனிதரின் கையில் எப்படி ஊற்றுவது என்று அவர் திகைத்து என்னைப் பார்த்தார். ஊற்றுங்கள் என்று நான் தலையசைத்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நூல் போல, மெதுவாக ஊற்றினார். சம்பந்தி உறிஞ்சிக் குடித்துவிட்டு மறுபடியும் கையை நீட்டினார்.