பலாங்கொடை மலையில் எரியாத மூன்றாவது விளக்கு

ஆயுத பூசை முடிந்த மூன்றாம் நாள், பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து உச்சியில் இருக்கும் சிறிய வானொலி நிலையத்துக்குப் பழுது பார்க்கக் கிளம்பினேன். பூசைக்காக நிறுத்திய டிரான்ஸ்மிட்டர் மறுபடி ஓடவில்லை. அன்று மாலை ஐந்துக்குள் சரியாகாவிட்டால் நிலையத்தையே மூடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. அங்கிருக்கும் ஒரே ஆபரேட்டர் சரஸ்வதி அக்காவின் வேலையும் அதோடு போய்விடும்.

இரத்தினபுரியில் காலை 7.10க்கு பஸ். 43 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், 170 ரூபாய். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் மலையேற ஆட்டோவுக்கு 1,500. கடைசி இரண்டு கிலோமீட்டரில் என் முதுகெலும்பை நன்றாகவே தெரிந்துகொண்டேன்.

அக்கா பால் சேர்க்காத பிளேன்டீயோடு வாசலில் நின்றார். உள்ளே மெஷினுக்கு நெற்றி, பக்கவாட்டு, கைப்பிடி என்று பார்க்கும் இடமெல்லாம் சந்தனப் பொட்டு. முகப்பில் மின்விசிறி, ஆன்டெனா, கதவு ஒவ்வொன்றும் சரியாக இருந்தால் எரியும் மூன்று விளக்குகள். மெஷினின் கதவு மூடியிருந்தும் அதன் விளக்கு எரியவில்லை.

"ரெண்டு எரியுதே சார், பத்தாதுங்களா?"

"பத்தாதுக்கா. எரிஞ்சா ஒன்னு, எரியாட்டி பூச்சியம். ஒரு பூச்சியம் இருந்தாலும் மெஷின் கெளம்பாது. இதுக்கு ஆண்ட் கேட்னு பேரு."

"சரி சார், திருவிழாவுக்கு மைதானம் கேக்குற கடுதாசி மாதிரி. தலைவர், செயலாளர், பொருளாளர் மூணு பேரும் கையெழுத்து வச்சாத்தான் தோட்டத்துத் தொர பாப்பாரு."

பத்து வருடமாக மின்னணுவியல் வகுப்பெடுக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதில்லை.

மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். கதவு மூடும்போது ஒன்றையொன்று தொட வேண்டிய இரண்டு சின்னத் தகடுகள். ஒன்றின் மேல் காய்ந்த சந்தனம்.

அக்காவின் முகம் சுருங்கியது. "உள்ளுக்கும் ஒன்னு வச்சேன் சார். என் வேலைக்கு நானே ஒல வச்சிட்டேனா?"

துடைத்து மூடி, மின்சாரத்தைப் போட்டேன். 11.40க்கு மூன்றாவது விளக்கும் எரிந்தது, பாட்டு வந்தது. அக்கா அழுதே விட்டார்.

அவரைக் காப்பாற்ற, அறிக்கையில் 'தகட்டில் அழுக்கு' என்று எழுதினேன். எட்டிப் பார்த்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சந்தனத்தப் போயி அழுக்குங்கிறீங்க! நான் வச்சேன்னே எழுதுங்க." பயந்துகொண்டேதான் அப்படியே எழுதி அனுப்பினேன்.

இப்படிப்பட்ட நிலையங்களுக்குப் போகிறவர்கள் முதலில் விளக்குகளைப் பாருங்கள், பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். கதவுத் தகடுகளைக் கம்பியால் இணைத்து மட்டும் மெஷினை ஏமாற்றாதீர்கள். உள்ளே இருப்பது ஆளைக் கொல்லும் மின்சாரம். மழைக்கோட்டும் அவசியம்.

இறங்கும் வழியில் அக்கா போனில் கூப்பிட்டார். நிர்வாகத்தின் பதில் ஒரே வரிதானாம்: 'அடுத்த வருடப் பூசைக்குப் பொட்டு வெளியே மட்டும்.'

"அடுத்த வருசம்னு போட்டிருக்காங்க சார்," என்றார். பிறகு இன்னொரு தடவையும் அதையே சொன்னார்.