பாதரசத்தில் மிதந்த விளக்கு

நைனாவின் சட்டையில் எப்போதும் மண்ணெண்ணெய் வாசம்... சனிக்கிழமை சாயங்காலம் அவர் ராயபுரம் சந்துக்குள் நுழையும்போதே எங்கள் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

எண்ணூர் கழிமுகத்துக்கு வடக்கே ஒரு மணல் தீவு. அதில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த லைட் ஹவுஸ். நைனாவுக்கு அங்கேதான் வேலை. ஆறு நாள் தீவு, ஒரு நாள் வீடு. ஐம்பதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது.

ஒரே ஒரு தடவை என்னைப் படகில் கூட்டிப் போனார். உச்சியில் மண்ணெண்ணெய் விளக்கு, அதைச் சுற்றி ஆளைவிட உயரமான கண்ணாடிக் கூண்டு, டன் கணக்கில் கனம்.

"ஒத்த வெரலால தள்ளு கண்ணு."

தள்ளினேன். சுற்றியது! கூண்டுக்கு அடியில் வட்டமான இரும்புத் தொட்டி, அது நிறையப் பாதரசம். அவ்வளவு கனமும் அதில்தான் மிதந்தது. கோபுரத்தின் நடுவே ஓர் இரும்புக் குண்டு மெதுவாக இறங்கி, கூண்டைச் சுழற்றும். குண்டு அடியைத் தொடுவதற்குள் கையால் சுற்றி மேலே ஏற்ற வேண்டும். ஏதோ தானே கட்டியதுபோல் நைனாவுக்கு ஒரே பெருமை.

பாதரசத்தில் தூசு படிந்தால் கூண்டு திணறும். காற்று மணலை வாரிக்கொண்டு வராதபடி ஜன்னல்களை மூடிவிட்டு, துணியில் ஊற்றிக் கையால் பிழிந்து வடிகட்டுவார்கள். அந்தத் துணிகள் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அம்மா வெந்நீரில் அலசுவாள். உதிரும் வெள்ளி உருண்டைகளை நானும் தம்பியும் உருட்டி விளையாடுவோம்... உங்களுக்குக் கோலி, எங்களுக்கு அது.

அப்புறம் நைனாவின் கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா சும்மா எரிந்து விழுவார். மதுவிலக்குக் காலம் வேறு, கள்ளச்சாராயம் என்று தெருவெல்லாம் பேச்சு. மாதா திருவிழாவில் சப்பரத்தைத் தூக்கும் முன்கொம்பு பரம்பரையாக எங்கள் வீட்டுத் தோளுக்கு. குடிக்கிறவன் அதைத் தொடக்கூடாது என்பது கட்டுப்பாடு.

திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை, சபைப் பெரியவர் வீட்டுக்கே வந்துவிட்டார். நைனா குடிக்கவில்லை என்று அம்மா சொன்னதை அவர் நம்பவில்லை.

"கொயந்த பொய் சொல்லாது. அது மோந்து பாத்து சொல்லட்டும்."

அம்மா என்னை முன்னால் தள்ளினாள். "நைனா வாய மோந்து பாருடி. சாராய வாசன கீதா, இல்லியா?"

அதற்குச் சற்று முன்புதான் டீயைக் கொட்டிவிட்டேன் என்று நைனா என்னைப் பளாரென்று அறைந்திருந்தார். கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

மோந்தேன்.

"கீது," என்றேன்.

நைனா என்னைத் திட்டவில்லை. "மாதா மேல சத்தியமா நான் தொட்டதே இல்ல மே," என்று அம்மாவிடம்தான் சொன்னார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வருஷம் வேறு யாரோ தோள்கொடுத்த சப்பரம் எங்கள் சந்து வழியாகப் போனது. நைனா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். அப்புறம் சனிக்கிழமைகளில் வருவதையே நிறுத்திவிட்டார். அடுத்த வருஷம் பாயில் சுற்றிப் படகில் கொண்டுவந்தார்கள். குடித்தே செத்தான் என்றது தெரு. அம்மாவும் சாகும்வரை அப்படித்தான் நம்பினாள்.

இப்போது அந்த விளக்கு கரண்டில் தானே சுற்றுகிறதாம். யாரும் துணி பிழிவதில்லை.

போன மாதம் வீட்டில் பழைய தெர்மாமீட்டர் உடைந்தது. நர்ஸாக இருக்கும் என் மகள் எங்களை வெளியே தள்ளி, ஜன்னலைத் திறந்து, கையுறை மாட்டிக்கொண்டுதான் கிட்டேயே போனாள்.

"பாதரசம் ஆவியா மூக்கு வழியா உள்ள போவும்மா. கை நடுங்கும், கோவம் வரும், பாக்கறவங்க குடிகாரன்னு நெனப்பாங்க. வாசனகூட வராது."

பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ பாவங்களைச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்...

அன்றைக்கு நைனாவிடம் மண்ணெண்ணெய் வாசம் மட்டும்தான் இருந்தது.