நடுவர் சக்திவேல்

சக்திவேல் பத்து வருஷத்துக்கு மேல் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவன். கோவா, கொல்கத்தா என்று ஊர் ஊராகப் போய் ஆடினான். ஆனாலும் ரங்கநாதன் தெருவில் அவனுக்கு வாய்த்த பெயர் 'நடுவர்'. அந்தப் புண்ணியம் அவன் அப்பா அய்யாதுரையைச் சேரும்.

முதல் கிளப்பில் சேர்ந்த அன்று, "எந்த இடத்துல ஆடுத?" என்று அப்பா கேட்டார். "நடுவுலப்பா" என்றான் இவன். அவ்வளவுதான். மறுநாள் அவர்களுடைய ஜவுளிக்கடை வாசலில் ஆளுயர பேனர் தொங்கியது: 'கால்பந்து நடுவர் சக்திவேலுக்கு வாழ்த்துகள்!' கல்யாணத்தில் பெண் வீட்டு மாமா ஒருவர் விசிலையே பரிசாகக் கொடுத்தார். மாப்பிள்ளை வாங்கிக்கொண்டு சிரித்து வைத்தான். பாவம், வேறென்ன செய்வான்?

மகன் நடுவர் இல்லை என்று அப்பாவுக்குப் புரியவே வெகுநாள் ஆனது. புரிந்த பிறகு தொல்லை கூடியது.

"கோல் போடுதவனும் இல்ல, தடுக்குதவனும் இல்ல. பெறவு என்னதாம்ல பண்ணுத?"

"பந்தை வாங்கி, யாருக்குத் தோதோ அவங்களுக்கு அனுப்புவேன்ப்பா."

"அனுப்புததுக்கு ஒரு சம்பளமா!" என்று வியந்தார். வியந்த கையோடு, கடைக்குள் நுழைந்த பெண்மணியை ஒரு பார்வை பார்த்து, "முருகையா, அக்காவுக்கு மாடியில காட்டன் காட்டு" என்று அனுப்பிவைத்தார். கடையின் நடுவில்தான் எப்போதும் நிற்பார். அவர் தம் கையால் ஒரு புடவையைப் பிரித்துப் போட்டு யாரும் பார்த்ததில்லை.

சக்திவேலுக்குக் கோப்பை மேல்கூட அத்தனை ஆசை இல்லை. அப்பா ஒருமுறை நேரில் பார்த்து, தான் என்ன செய்கிறோம் என்று புரிந்துகொண்டால் போதும். அவரோ டிவியில் கோல்களை மட்டும் பார்ப்பார். அதில் இவன் இருக்கமாட்டான். முழங்கால் மக்கர் பண்ணி, இதுதான் கடைசி ஆட்டம் என்று அறிவித்தபோதுதான் ஸ்டேடியத்துக்கு வந்தார். அதுவும் ஆடித் தள்ளுபடி முடிந்துவிட்டதால்.

ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து சக்திவேலிடம் வந்தது. இரண்டு பேர் மறித்தார்கள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இடது பக்கம் தட்டிவிட்டான். அங்கே ஓடி வந்த சக வீரன் அஸ்வத் அடித்தான், கோல். கூட்டமே அஸ்வத்தின் பெயரைக் கத்தியது. அஸ்வத் மட்டும் ஓடி வந்து, "இன்னா பாஸுண்ணா அது!" என்று இவனைக் கட்டிக்கொண்டான்.

அப்பா வீடு வரும்வரை கடைக் கணக்கைப் பற்றியே பேசினார். கடைசி வரை புரியவில்லை போலிருக்கிறது என்று சக்திவேல் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் கடைக்குப் போனான். இனி அதுதானே பிழைப்பு. நேராகக் கல்லாவில் உட்காரப் போனான்.

"அங்க எதுக்குல போற? கல்லாவுல யாரு வேணும்னாலும் உக்காரலாம்" என்றார் அய்யாதுரை. இத்தனை வருஷமாக யாருக்கும் விட்டுக்கொடுக்காத இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்தார்.

"இங்க வந்து நில்லு. நடுவுல."